ஐந்து வருடம் படிக்காத மீட்டருக்கு ஒரே பில்: கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வயது 71. தென்னாப்பிரிக்காவில், நேட்டால் தென்கடற்கரையில் அப்பா கட்டிய வீட்டில் நானும் மனைவியும் மட்டும் இருக்கிறோம். ரேட்ஸ் என்கிற வீட்டு வரி, தண்ணீர், கரண்ட், குப்பை எல்லாம் சேர்த்து மாதம் 3,200 ராண்ட் வரை வரும். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஐந்து வருடமாகத் தண்ணீர் மீட்டரைப் படிக்க யாரும் வரவில்லை. பில்லில் "மதிப்பீடு" என்றே போட்டு வந்தார்கள். போன மார்ச்சில் ஒருவர் வந்து படித்தார். அடுத்த பில்லில் தண்ணீருக்கு மட்டும் 84,600 ராண்ட். மூன்று முறை நகராட்சி அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். பதில் சொல்ல ஆள் இல்லை. பிறகு நோட்டீஸ் எதுவும் தராமல் கரண்ட்டை வெட்டிவிட்டார்கள். என் மனைவிக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. முப்பது சதவீதம் கட்டி, கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் கரண்ட் தருவோம் என்கிறார்கள். எங்கள் தெருவில் நாற்பது வீட்டுக்காரர்களும் சேர்ந்து இனி நகராட்சிக்கு எதையும் கட்டுவதில்லை என்று முடிவெடுக்கப் போகிறோம். அப்பா காலத்தில் ஓட்டு இல்லாமல் ரேட்ஸ் கட்டினோம். இப்போது ஓட்டு இருக்கிறது, ஆனாலும் நம் பணத்தை வாங்குகிறவர்கள் நமக்குப் பதில் சொல்வதில்லை. என்ன வித்தியாசம்? நாங்கள் செய்யப்போவது சரியா?

பதில்: ஐயா, மற்றதெல்லாம் அப்புறம். அம்மாவின் இன்சுலினை இன்றைக்கே கரண்ட் இருக்கிற பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். அடுத்ததாக, கவுண்டரில் நீட்டுகிற அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், அதன் நகலை எடுத்துக்கொண்டு தாமதிக்காமல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கையெழுத்தைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் நாட்டில் கடனுக்கும் ஆயுள் உண்டு. 1969-ம் வருடத்துக் காலாவதிச் சட்டப்படி தண்ணீர், கரண்ட் போன்ற சேவைக் கட்டணக் கடன் மூன்று வருடத்தில் காலாவதியாகிவிடும். ரேட்ஸ் அப்படியில்லை, அது வரி, அதற்கு முப்பது வருடம். உங்கள் 84,600 ராண்ட் தண்ணீர் கணக்கு. அதில் மூன்று வருடத்துக்கு முந்தைய பகுதியை நகராட்சி இன்று கேட்க முடியுமா என்பதே பெரிய கேள்வி. "மீட்டரைப் படித்த பிறகுதானே எங்களுக்குத் தெரிந்தது, அன்றிலிருந்துதான் மூன்று வருடம்" என்று அவர்கள் சொல்வார்கள். இதே வாதத்தை எக்குருலேனி நகராட்சி வைத்தபோது ஜோஹன்னஸ்பர்க் உயர்நீதிமன்றம் 2017-ல் ஏற்கவில்லை. மீட்டரைப் படிப்பது நகராட்சியின் வேலை, நியாயமான அக்கறை எடுத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும், படிக்காமல் இருந்துவிட்டு அதையே சாக்காகச் சொல்ல முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அது நேட்டால் நீதிபதிகளைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் எடுத்துக்காட்டினால் மதித்துப் பார்ப்பார்கள்.

இந்த உரிமை தானாக வந்து உங்களைக் காப்பாற்றாது. காலாவதியாகிவிட்டது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் நீதிபதி அவராக அதை எடுக்க மாட்டார். ஓடிக்கொண்டிருக்கிற மூன்று வருடத்தை, "ஆமாம், கடன்பட்டிருக்கிறேன்" என்ற ஒரு கையெழுத்து நிறுத்தி மறுபடி முதலிலிருந்து ஓட வைத்துவிடும். காலாவதியான பகுதிக்கும் புதிதாக ஒப்புக்கொண்டதாக அவர்கள் வாதாட இடம் கிடைக்கும். கரண்ட் இல்லாத வீட்டிலிருந்து வந்து நிற்கிற வயதானவரிடம் இந்தத் தாளை நீட்டுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். படித்துப் பார்க்க நேரம் தருவதில்லை, எடுத்துப் போக நகல் தருவதில்லை. எனக்கு இந்த வேலையில் ஆறாத கோபம் வருவது இந்த இடத்தில்தான். வேறு வழியே இல்லை, கரண்ட் உடனே வேண்டும் என்று பணம் கட்ட நேர்ந்தால், "இந்தத் தொகையை நான் கடனாக ஒப்புக்கொள்ளவில்லை, மறுப்புத் தெரிவித்தே கட்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.

சரி, பில்லுக்கு வருவோம். நீங்கள் நேரில் போய் மூன்று முறை முறையிட்டிருக்கிறீர்கள். வருத்தமான உண்மை, சட்டத்தின் கண்ணில் அது கிட்டத்தட்ட எதுவும் நடக்காத மாதிரி. 2000-ம் வருடத்து நகராட்சி அமைப்புகள் சட்டத்தில் 102-ம் பிரிவு இருக்கிறது. அதன் முதல் பகுதி நகராட்சிக்கு நிறைய அதிகாரம் தருகிறது: எல்லாக் கணக்கையும் ஒன்றாகச் சேர்க்கலாம், நீங்கள் கட்டுகிற பணத்தை எந்தக் கணக்கில் வேண்டுமானாலும் வரவு வைக்கலாம், பாக்கிக்காகக் கடன் வசூல் நடவடிக்கை எடுக்கலாம். தண்ணீர்ப் பாக்கிக்குக் கரண்ட்டை வெட்டுவது இந்த அதிகாரத்தில்தான். இரண்டாவது பகுதி ஒரே வாக்கியம். குறிப்பிட்ட ஒரு தொகையைப் பற்றித் தகராறு இருந்தால் மேலே சொன்ன அதிகாரம் அந்தத் தொகைக்குச் செல்லாது என்கிறது. உங்களுக்கான கவசம் அந்த வாக்கியம். அதைப் போட்டுக்கொள்ளும் விதம் ஒன்று உண்டு.

அந்த விதம் என்ன என்பது டர்பனின் சாட்ஸ்வர்த்தில், குரோஃப்ட்டீன் மாலின் உரிமையாளர் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில் தெளிவானது. எத்தெக்வினி, அதாவது டர்பன் நகராட்சிக்கு எதிரான அந்த வழக்கு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் 2011-ல் முடிந்தது; மால் தரப்பு தோற்றது. பொதுவாக "பில் தப்பு, ஒத்துக்கொள்ள மாட்டோம்" என்று சொன்னால் போதாது. எந்தத் தொகை, எதனால் தவறு என்று நகராட்சி அடையாளம் கண்டுகொள்ளும்படி விவரத்தோடு எழுப்பினால்தான் அது தகராறு என்று நீதிமன்றம் சொன்னது. பொத்தாம்பொதுவாகக் குறைசொல்லிப் பணம் கட்டாமல் இழுத்தடிக்க யாருக்கும் இடம் தரக்கூடாது என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் கவுண்டரில் நின்று கெஞ்சிவிட்டு வந்த எத்தனையோ பேருக்கு இந்தத் தீர்ப்பு இருப்பதே தெரியாது.

ஆகவே இன்று இரவு உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதுங்கள். அலுவலகத்துக்கு என்பதால் ஆங்கிலத்தில் இருக்கட்டும். முகவரி முனிசிபல் மேனேஜருக்கு. கணக்கு எண், மீட்டர் எண், பில் தேதி போட்டுவிட்டு இந்தப் பொருள்பட எழுதுங்கள்: "102(2) பிரிவின்படி, இந்தப் பில்லில் தண்ணீருக்காகக் கேட்கும் 84,600 ராண்டைக் குறித்துத் தகராறு எழுப்புகிறேன். ஐந்து வருடம் மீட்டர் படிக்கப்படவில்லை. எந்த மாதத்துக்கு எவ்வளவு தண்ணீர், எந்தக் கட்டண விகிதம் என்று காட்டப்படவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய தொகை காலாவதியானது. தகராறில் இல்லாத மீதியை மாதந்தோறும் கட்டுகிறேன். இது முடியும்வரை இந்தத் தொகைக்காக எந்த நடவடிக்கையும் எடுக்கக்கூடாது. கரண்ட்டை உடனே திரும்பத் தர வேண்டும்." இமெயிலிலும் அனுப்புங்கள், நேரிலும் கொடுத்து நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். புகார் எண் தந்தால் குறித்துக்கொள்ளுங்கள். என் அப்பா நகராட்சி ரசீது ஒவ்வொன்றையும் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அவர் போன பிறகு வீட்டுக் கணக்கில் ஒரு தகராறு வந்தபோது அந்த டின்தான் எங்களைக் காப்பாற்றியது. நீங்களும் எல்லாவற்றையும் வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

"கட்டண விகிதம்" என்பதை ஏன் கடிதத்தில் சேர்க்கச் சொல்கிறேன் என்றால், பெரும்பாலும் பெரிய தவறு அங்கேதான் ஒளிந்திருக்கும். தண்ணீர்க் கட்டணம் படிக்கட்டு மாதிரி. முதல் சில கிலோலிட்டருக்குக் குறைந்த விலை, மேலே போகப் போக விலை ஏறும். உதாரணத்துக்கு, மதிப்பீட்டைவிட ஐந்து வருடத்தில் 300 கிலோலிட்டர் கூடுதலாகச் செலவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 5 கிலோலிட்டர்தான், கீழ்ப் படியிலோ அடுத்த படியிலோ அடங்கிவிடும். அந்த 300-ஐயும் ஒரே மாதத்தில் கொட்டினால் முக்கால்வாசி உச்சப் படியில் போய் உட்காரும். விலையும் வருடந்தோறும் ஜூலை 1-ல் ஏறுகிறது. பழைய தண்ணீருக்குப் புது விலை போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. மாதவாரியாகப் பிரித்துக் கேளுங்கள். அதே சட்டத்தின் 95-ம் பிரிவு, சரிபார்க்கக்கூடிய மீட்டர் முறையும், எப்படிக் கணக்கிட்டார்கள் என்று காட்டும் துல்லியமான பில்லும், தவறு இருந்தால் சீக்கிரம் திருத்துகிற வழியும் நகராட்சி தர வேண்டும் என்கிறது.

உங்களிடமும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ராத்திரி படுக்கப் போகும்முன் எல்லாக் குழாயையும் மூடி மீட்டரைப் படம் எடுங்கள், காலையில் குழாயைத் திறக்கும்முன் மறுபடி எடுங்கள். எண் நகர்ந்திருந்தால் வீட்டுப் பக்கம் கசிவு இருக்கிறது, அந்தத் தண்ணீருக்கு ஓரளவாவது நீங்கள் பொறுப்பு. பிளம்பரைக் கூப்பிட்டுச் சரிசெய்து, அவரிடம் எழுத்தில் வாங்கிக் கொடுத்தால் பல நகராட்சிகளில் தள்ளுபடி விதி இருக்கிறது. நகரவில்லை என்றால் மீட்டரையே சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். 84,600-ல் ஒரு பங்கு உண்மையிலேயே நீங்கள் தரவேண்டியதாக இருக்கலாம். அந்தப் பங்கைக் கட்டுங்கள்.

கரண்ட்டை வெட்டியது பற்றி. முன்னறிவிப்பு இல்லாமல் வெட்டியது தவறு என்றுதான் எனக்குப் படுகிறது. 2009-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு கட்டடத்தில் வீட்டுச் சொந்தக்காரர் வைத்த பாக்கிக்காக வாடகைக்காரர்களின் கரண்ட்டை வெட்டினார்கள். வாடகைக்காரர்களுக்கும் நகராட்சிக்கும் நேரடி ஒப்பந்தம்கூட இல்லை. இருந்தும் 14 நாள் முன்னறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும், நியாயமான நடைமுறை அவர்களுக்கும் உரியது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நேரடியாகக் கணக்கு வைத்து, மாதா மாதம் கட்டிவந்த உங்களுக்கு அதைவிடக் குறைவாகவா கிடைக்கும்? நோட்டீஸ் அனுப்பினோம் என்றால் எந்தத் தேதி, எப்படி என்று ஆதாரம் கேளுங்கள். கடிதம் கொடுத்தும் இரண்டு மூன்று நாளில் கரண்ட் வராவிட்டால், அம்மாவின் மருத்துவர் கொடுக்கிற சான்றிதழோடு உயர்நீதிமன்றத்தில் அவசர மனு போடலாம். செலவுக்குப் பயந்து இருந்துவிடாதீர்கள். லீகல் எய்டையும், டர்பனில் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையத்தையும் முதலில் கேட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் தெருவின் முடிவு. வேண்டாம் ஐயா. நாற்பது வீட்டுக்காரர்களிடமும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், வேண்டாம். கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஃப்ரீ ஸ்டேட்டில், க்ரூன்ஸ்டாட்டில் ஒரு அம்மா இதைத்தான் செய்தார். நகராட்சியின் சேவை மோசம் என்று அங்கே ரேட்ஸ் கட்டுகிறவர்கள் சேர்ந்து எடுத்த முடிவுப்படி, தண்ணீருக்கும் கரண்ட்டுக்கும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு ரேட்ஸை மட்டும் நிறுத்தினார். நகராட்சி அவர் கரண்ட்டில் கை வைத்தது. அவர் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனார், 2013-ல் தோற்றார். கணக்குகளைச் சேர்த்துவிட்டால் ஒன்றின் பாக்கிக்கு இன்னொன்றை நிறுத்தலாம், அதற்கு நீதிமன்ற உத்தரவும் தேவையில்லை என்று தீர்ப்பு. மோசமான சேவை என்ற காரணம் அவருக்கு உதவவில்லை, ஏனென்றால் ரேட்ஸ் தொகையில் தவறு என்று அவர் சொல்லவில்லை. கட்டவேண்டிய தொகைதான், கட்ட மாட்டேன் என்றார். இன்றைக்கு உங்கள் பக்கம் இருக்கிற 102(2) என்கிற கவசத்தை, எல்லாவற்றையும் நிறுத்துகிற அந்த நாளில் நீங்களே கழற்றிக் கொடுத்துவிடுவீர்கள். தவறு செய்தது அவர்கள் என்ற கணக்கு மாறி, பாக்கி வைத்தது நீங்கள் என்று ஆகிவிடும்.

நாற்பது வீடும் செய்யக்கூடியது, நாற்பது கடிதம். ஒவ்வொன்றிலும் அந்தந்த வீட்டுத் தொகை, அந்தந்த மீட்டர் எண். பிரதி எடுத்த ஒரே கடிதத்தில் நாற்பது கையெழுத்து வேண்டாம், அது "குறிப்பிட்ட தொகை" ஆகாது. கூடவே ஒருவர் பெயரில் தகவல் அறியும் சட்டப்படி, அதாவது 2000-ல் வந்த பையா சட்டப்படி, ஐந்து வருட மீட்டர் வாசிப்புப் பதிவுகளையும், மீட்டர் படிக்க ஒப்பந்தம் யாருக்குத் தரப்பட்டது, எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது என்ற ஆவணங்களையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மறுத்ததாகக் கொண்டு மேலே போகலாம். படிக்காத மீட்டருக்குப் படிப்புக் கூலி கொடுத்திருந்தால், அந்தப் பணம் யார் பணம்?

இங்கேதான் உங்கள் கடைசிக் கேள்வி வருகிறது. அப்பா காலத்துக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டீர்கள். இரண்டு நாளாக அந்த வரியை மனதில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிய நம் முன்னோர் மேல் நேட்டால் அரசு 1895-ல் தலைக்கு வருடம் மூன்று பவுன் வரி போட்டது. பின்னாளில் பதினாறு வயதுப் பையனும் பதின்மூன்று வயதுப் பெண்ணும்கூட அதற்குள் வந்தார்கள். 1896-ல் இந்தியர்களின் நாடாளுமன்ற வாக்குரிமையை எடுத்தார்கள். 1897-ல் வந்த வணிக உரிமச் சட்டத்தில், ஒரு லைசென்ஸ் அதிகாரி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நகரசபையிடம் முறையிடலாம், அதற்குமேல் நீதிமன்றத்தில் அந்த முடிவை எடுத்து விசாரிக்க வழி கிடையாது. மூன்று பவுன் வரி போக 1913-ன் வேலைநிறுத்தம் தேவைப்பட்டது, சிறை தேவைப்பட்டது, சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து 1914 பிப்ரவரியில் இறந்துபோன வள்ளியம்மை தேவைப்பட்டாள். பதினாறு வயது. அதற்குப் பத்து வருடம் கழித்து, 1924-ல், நேட்டால் நகரங்களில் இந்தியர் யாரும் புதிதாக நகராட்சி வாக்காளர் பட்டியலில் சேர முடியாது என்று ஆக்கினார்கள். நம் மாகாணத்தில் எல்லாரும் ஓட்டுப் போட்ட முதல் உள்ளாட்சித் தேர்தல் 1996 ஜூன் 26. இடையில் 72 வருடம். உங்கள் அப்பா ரேட்ஸ் கட்டியது அந்த 72 வருடத்துக்குள்தான்.

அப்பாவிடம் இல்லாதது ஓட்டு மட்டும் இல்லை ஐயா. காரணம் கேட்கிற உரிமை அவருக்கு இல்லை. அரசியலமைப்பின் 33-ம் பிரிவு, நிர்வாக நடவடிக்கை சட்டப்படியும் நியாயமாகவும் முறையாகவும் இருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் எழுத்தில் காரணம் பெறலாம் என்கிறது. அதைச் செயல்படுத்துகிற சட்டப்படி, முடிவு தெரிந்த 90 நாளுக்குள் காரணம் கேட்டு எழுதலாம். உங்கள் தகராறை ஒரு அதிகாரி நிராகரித்தால் 21 நாளுக்குள் முனிசிபல் மேனேஜரிடம் எழுத்தில் முறையீடு செய்யலாம். இந்த 21 நாளைத் தவறவிடாதீர்கள். அதற்கும் மேலே, அரசு அலுவலகங்கள் மேலான புகாரை விசாரிக்கிற பப்ளிக் ப்ரொடெக்டரின் அலுவலகம் இருக்கிறது, இலவசம், சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அவர் சொல்வது வெறும் யோசனை என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். அப்போதைய ஜனாதிபதி ஜேக்கப் சூமா நம் மாகாணத்து இங்கண்ட்லாவில் இருக்கிற தன் வீட்டுக்கு அரசுப் பணத்தைச் செலவழித்த விவகாரத்தில் 2016-ல் அரசியலமைப்பு நீதிமன்றம், அது கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்து, அவரையே பணம் திருப்பிக் கட்ட வைத்தது.

இருந்தும் உங்கள் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். சட்டத்தில் இருப்பது ஒன்று, கவுண்டரில் கிடைப்பது வேறு. தலைமைக் கணக்காயரின் 2023-24 அறிக்கைப்படி நாட்டின் 257 நகராட்சிகளில் குறையில்லாத கணக்குக் காட்டியவை 41தான். நகராட்சி நிதி நிர்வாகச் சட்டத்தின் 32-ம் பிரிவு, வீண்செலவுக்குக் காரணமானவரிடமிருந்து அந்தப் பணத்தை மீட்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. அப்படி மீட்டதாக உங்கள் ஊரில் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஒரு அதிகாரி ஐந்து வருடம் மீட்டர் படிக்க ஆள் அனுப்பவில்லை என்றால் அவர் சம்பளத்தில் ஒரு ராண்ட் குறையாது. நீங்கள் ஒரு மாதம் தவறினால் விளக்கு அணைகிறது. இந்த ஏற்றத்தாழ்வு அநியாயம். அதை மாற்றச் சட்டம் கொடுத்திருக்கிற இடங்களில் நாம் போய் உட்காருவதில்லை என்பதும் சேர்ந்துதான் அது தொடர்கிறது. வரைவு பட்ஜெட் மார்ச் முடிவுக்குள் வந்துவிடும், ஜூனுக்குள் நிறைவேற வேண்டும், நடுவில் மக்கள் கருத்துச் சொல்ல நேரம் தருகிறார்கள். ஆண்டறிக்கையை விவாதிக்கிற கவுன்சில் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. அந்தக் கூட்டத்துக்கு நாற்பது வீட்டிலிருந்தும் ஆளுக்கு ஒருவர் போங்கள். தணிக்கை அறிக்கையில் தண்ணீர் மீட்டர் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வார்டு கவுன்சிலரை எழுந்து வாசிக்கச் சொல்லுங்கள். ஆசிரியராக இருந்தவர், கேள்வி கேட்கத் தெரியாதவர் இல்லை நீங்கள்.

இந்த மாதப் பில்லில் ரேட்ஸ், கரண்ட், குப்பை முழுவதையும், தண்ணீருக்கு மார்ச்சுக்கு முன் வழக்கமாக வந்துகொண்டிருந்த தொகையையும் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். ரசீதைக் கடிதத்தோடு இணையுங்கள். முத்திரை வைத்த நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள். அம்மாவுக்கு என் வணக்கம்.